பெண்கள்: ஏழு

வேர்க்கடலை மொட்டை இடது கையில பிடிச்சு, இடுக்கியால உள்ள இருக்கிற ஆண் காம்பை மட்டும் பிடுங்கிக்கினு இருந்தோம். கொஞ்சம் மகரந்தப் பொடி ஒட்டினாலும் மொட்டு வீணு. மறுநாள் விடியக்காலையில வேற ரகத்துப் பூவோட பொடியைத் தடவணும். புது ரகம் அப்படித்தான் வரும்.

திருப்பதிக்குப் பக்கத்துல ஆராய்ச்சிப் பண்ணை. இந்த வேலைக்கு நாங்க ஆறு பொம்பளைங்க. நாள் கூலி முப்பத்தஞ்சு ரூபா. தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கினு நிக்கிற ஆம்பளை துலுக்காணத்துக்கு ஐம்பது.

போன வாரம் தில்லியிலேர்ந்து ஒரு ஃபாரம் வந்துது. ஆராய்ச்சி செய்யறவங்கள்ல ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனை, யாருக்கு என்ன சம்பளம்னு. எட்டு ஆம்பளை விஞ்ஞானிங்களுக்கு நடுவுல லீனா மேடம் ஒருத்தர்தான் பொம்பளை. அதனால அதை அவங்க தலையில கட்டிட்டாங்க.

"மேடம், எங்க கூலியை ஏத்தச் சொல்லி அதுல ஒரு வரி எழுதுங்களேன்"னு கமலம்மாக்கா கேட்டுது.

"அதுக்கெல்லாம் இதுல எடமில்ல. மொட்டைப் பாருங்க"ன்னு மேடம் போயிட்டாங்க.

துலுக்காணம் சிரிச்சான். "ஸ்கூட்டர்ல போற அம்மா உங்க கூலிக்கு அழுவாங்களா?"

பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டு வர்றவ நான். பதினஞ்சு ரூபா கூட வந்தா அதுக்குப் பால் டப்பா ஆவும். வாய் திறந்து பேசறவ இல்ல. படிச்சவ படிச்சவளைத்தான் பார்ப்பான்னு உள்ளுக்குள்ள வைதேன்.

இன்னிக்குப் பெரிய சார் நாகபூஷணம் அந்த ஃபாரத்தை ஆட்டிக்கினு வயலுக்கே வந்துட்டாரு.

"ஏம்மா லீனா! நீ ஒருத்திதானே? பொம்பளைங்க ஏழுன்னு எழுதியிருக்கே?"

"ஏழுதான் சார்."

"இவங்க கூலி ஆளுங்கம்மா! இவங்களைச் சேர்த்தா பொம்பளைங்க சம்பளம், சராசரி பார்த்தா, ஆம்பளைங்களதுல கால்வாசிகூட வரல. தில்லியில மானம் போவும். அடிச்சிடு."

"ஆராய்ச்சி செய்யறவங்க எத்தனைன்னுதான் கேட்டிருக்காங்க. போன வருசம் வந்த ரகத்துக்கு ஒவ்வொரு மொட்டையும் திறந்தது இவங்க கை. நான் நோட்டுல எழுதினதோட சரி. அடிக்கணும்னா முதல்ல என் பேரை அடிங்க சார்."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு என்னம்மா ஆராய்ச்சி தெரியும்?"

எங்க இடுக்கி எதுவும் நகரல. இந்த மகராசியைப் போயி ஒரு வாரமா நான் உள்ளுக்குள்ள...

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "அம்சவேணி! எழுந்து வாம்மா. மொட்டை எப்படித் திறக்கிறதுன்னு சாருக்குக் கத்துக்குடு."