கோதண்டத்தின் மயில் படகு

பட்டணத்துப் பூங்கா ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகைப் பார்த்துவிட்டு வந்த சைக்கிள் கடைக் கோதண்டம், யுத்தம் முடிந்த மறுவருஷம், திருத்தணி ஏரியில் வாடகைக்கு விட அதேபோல் ஒன்று செய்தான். முருகன் ஊராயிற்றே என்று மயில் உருவம் வைத்தான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மயிலுக்குப் பொட்டு வைத்தது, கற்பூரம் காட்டியது. ஏறத்தான் ஆளில்லை.

"சாமி வாகனத்தைக் காலால மிதிக்கச் சொல்றியே, நீ இன்னா மனுஷன்?" என்று ஒரு காவடிக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி மணியம்மையிடம் கேட்டான்.

"யானையா மாத்திடட்டுமா?"

"அதுவும் முருகனுக்குத்தான். மலை மேல நிக்குதே, பாக்கலையா?"

"காளை?"

"சிவனுக்கு."

"எலி?"

"புள்ளையாருக்கு."

"அப்ப வெறகாத்தான் ஒடைக்கணும்."

"ரம்பத்தை இப்படிக் குடு பாவா."

மணியம்மை தோகையை அறுத்தாள், கொண்டையைத் தட்டினாள், உடம்பு முழுக்க வெள்ளை வர்ணம் அடித்தாள். மறுநாள் ஏரியில் அன்னம் ஒன்று மிதந்தது. நேற்றுச் சண்டை போட்ட காவடிக்காரரே பேரப்பிள்ளைகளோடு முதல் ஆளாக ஏறி, சிரித்துக்கொண்டே மிதித்தார். கரையில் வரிசை நீண்டது.

கோதண்டம் மனைவியை ஓரமாக அழைத்துப் போனான்.

"மணி, அன்னமும் வாகனம்தானே? பிரம்மாவோடது."

"ஆங். தெரிஞ்சுதான் பண்ணேன்."

"யாராச்சும் கேட்டா?"

"அவரைத்தான் நம்ம முருகன் தலையில குட்டி ஜெயில்ல வச்சாரே. இந்த ஊர்ல அவருக்காக யாரு பாவா சண்டைக்கு வரப்போறாங்க?"