ரப்பர் தவளைக்கு வந்த வாழ்வு

தூண்டில்காரர் மருதப்பன் குளத்துக்கு இரண்டு தவளைகளைக் கொண்டுவந்தார். ஒன்று டப்பாவுக்குள் இருந்த உயிர்த் தவளை. இன்னொன்று பளபளக்கும் ரப்பர் தவளை. கொஞ்சம் யோசித்துவிட்டு ரப்பரையே எடுத்துத் தூண்டிலில் மாட்டினார்.

டப்பாத் தவளைக்கு உயிர் பிழைத்தோமே என்ற நிம்மதி வரவில்லை, ரோஷம்தான் வந்தது. "மூச்சுகூட விடத் தெரியாத ஜென்மம், அதுக்கு வந்த வாழ்வைப் பாரேன்!" என்று பொருமியது.

ரப்பர் தவளை தண்ணீரில் இரண்டு முறை தத்தி, நின்று, மறுபடி இரண்டு முறை தத்தியது. கிழட்டு விரால் ஒன்று பாய்ந்து கவ்வியது. முள் உதட்டைக் கிழித்ததும் உதறிக்கொண்டு ஓடிவிட்டது.

"சரி, உன்னைத்தான் விட்டுப் பார்ப்போமே" என்று மருதப்பன் உயிர்த் தவளையின் இடுப்பில் நூலைக் கட்டித் தண்ணீரில் விட்டார். தவளைக்குத் தலைகால் புரியவில்லை. ரப்பர் செய்ததை அப்படியே செய்தது. இரண்டு முறை தத்தியது, நின்றது, மறுபடி தத்தியது.

விரால் கிட்டே வந்து முறைத்தது. "மறுபடியும் அதே ரப்பரா? என்னை என்ன கேனையன்னு நினைச்சியா?"

"அண்ணே, நான் நிஜம்ணே! தொட்டுப் பாருங்கண்ணே!" என்று தவளை கத்தியது. விரால் திரும்பியே பார்க்கவில்லை.

மருதப்பன் சலித்துப்போய் நூலை அவிழ்த்து, தவளையைக் குளத்திலேயே விட்டுவிட்டார்.

அது இன்றும் அல்லி இலைமேல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புகிறது: "ஒரு வாய் கடிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், நான் யாருன்னு!"