மவுத் ஆர்கன் வாங்க வந்தவர்

“இது வேண்டாங்க பாய், ரொம்பப் பொடிசா இருக்குது. அந்தப் பெருசை எடுங்க.”

காஜா எரிச்சலை மென்று விழுங்கிக்கொண்டு பெரிய மவுத் ஆர்கனை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தான். தருமபுரி கடைவீதியில் அவனுடைய ஃபேன்சி ஸ்டோருக்கு மவுத் ஆர்கன் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் பெல்பாட்டம் போட்ட இளவட்டங்கள். இன்று வந்திருப்பவரோ முண்டாசு கட்டிய, மீசை நரைத்த குடியானவர். தீர்த்தகிரி என்று பெயராம். இனிமேல்தான் வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாராம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையப் புறப்பட்டு வந்திருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் காஜா ரசித்திருப்பான். இன்று முள்ளின்மேல் நின்றுகொண்டிருந்தான். அரூரில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். முடிவு கேட்டுவர மாமா தஸ்தகீர் காலையிலேயே போயிருந்தார். சாயங்கால பஸ்ஸில் திரும்புவார்.

இதற்கு முன்னும் இரண்டு இடங்கள் கூடி வந்தன. இரண்டும் காரணம் சொல்லாமலே கைநழுவிப் போயின. இந்தப் பெண்ணை அவன் பார்த்ததுகூட இல்லை. அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

கடையைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடலாம் என்றால் இந்த மனிதர் நகர்வதாயில்லை. வந்த கிராக்கியை வெறுங்கையோடு அனுப்பினால் கடையின் பரக்கத், இருக்கிற செழிப்பு, போய்விடும் என்று அத்தா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவன்.

“ஊதிப் பாக்கலாங்களா?” என்றார் தீர்த்தகிரி.

“வாய் வெச்சா வாங்கிக்கணுங்க. எச்சிலாயிட்டா வேற யாரும் தொட மாட்டாங்க.”

“அதுவும் நாயந்தான். அப்ப நீங்களே ஊதிக் காட்டுங்க.”

காஜா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதினான்.

“வெளிய ஊதுனா ஒரு சத்தங்க. அதே ஓட்டையில மூச்சை உள்ள இழுத்தா வேற சத்தம். மொதப் பாடமே இதுதான். ரெண்டும் மாறி மாறி வரணும்.”

“எங்க, இழுங்க.”

இழுத்தான்.

“இன்னுங் கொஞ்சம் நீளமா.”

தீர்த்தகிரி பெட்டியின்மேல் கவிழ்ந்து, கண்ணை மூடி, காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து கேட்டார். கச்சேரிக்கு வந்த வித்வான்கூட இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்க மாட்டார்.

“புதுசாக் கத்துக்கறவனுக்கு எதுங்க தோதுப்படும்?”

“சின்னதுதாங்க. கொஞ்சம் மூச்சு போதும். பெருசுக்கு நெஞ்சுல தெம்பு வேணும்.”

“அப்ப அந்தப் பெருசுலயே ஒரு பாட்டு ஊதுங்க. நடுவுல நிக்காம.”

காஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஆளைக் கிளப்பினால் போதும் என்று ஒரு துள்ளல் பாட்டை எடுத்து, மூச்சுவிடாத குறையாக ஊதித் தள்ளினான். எதிர்ச்சாரியில் வெற்றிலை விற்கும் நஞ்சம்மாள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இதை ஊதுனா இருமல் கிருமல் வருமுங்களா?”

“எனக்கு வந்ததில்லீங்க. எத வேணா எடுத்துக்கங்க, சீக்கிரம்.”

“அந்தக் கடைசிப் பெட்டியில இருக்கறதையும் ஒரு தடவ...”

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. காஜா சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டான்.

“அரூர் பஸ்ஸுங்க அது. எங்க மாமா வர்றாரு. நீங்க சும்மாவே ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்குக் காசு வேண்டாம். என் வாழ்க்கையே அந்த பஸ்ஸுல வந்து எறங்குதுங்க.”

தீர்த்தகிரி நிதானமாக முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“ஓடாதீங்க. உங்க மாமா வெறுங்கையோடதான் எறங்குவாரு. நான் போய்ச் சொன்னாத்தான் ஷகிலா வூட்ல வாயே தொறப்பாங்க.”

காஜா அப்படியே நின்றான். பெண்ணின் பெயரை அவன் கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

“அவங்க அத்தாவும் நானும் அடுத்தடுத்த வூடு. சொந்தத்துல யாராச்சும் வந்தா உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிரும்னு என்னை அனுப்புனாங்க” என்ற தீர்த்தகிரி, காஜாவின் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். “உங்களுக்கு மூச்சிழுப்பு நோவு, பத்தடி நடந்தா எளைக்கும்னு நீங்க பொண்ணு கேக்கற எடத்துக்கெல்லாம் எவனோ மொட்டைக் கடுதாசி போடறான், மாப்ளே.”