முப்பத்தெட்டைத் தாண்டினால்

சைரன் அலறியதும் அவன் ஓடி வந்தான்.

ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் இந்தப் படுக்கையறைக்குள் இப்படிப் பதறிக்கொண்டு வந்து அவள் பார்த்ததில்லை.

கட்டிலைத் தாண்டி நேராக மூலைக்குப் போனான். அங்கேதான் அவனுடைய கம்ப்யூட்டர் இருந்தது.

பழைய பாகங்களைத் தேடித் தேடி வாங்கி அவனே கோத்த பெட்டி. வீட்டிலேயே வெயில் ஏறாத அறை இதுதான் என்று போன மாதம் பெட்டியை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்து, முன்னறையிலிருக்கும் திரைக்குக் கேபிள் இழுத்துவிட்டான். படுத்தால் காதுக்குள் விசிறி சுற்றுகிறது என்று அவள் சொன்னதற்கு, பழகிவிடும் என்றான்.

பெட்டிக்குள் சூடு பார்க்க மெல்லிய வயரின் நுனியில் ஒரு சென்சார். நிமிஷத்துக்கொரு தரம் பார்க்கும். முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் விசிறிகள் முழு வேகத்தில் இரையும். அவன் போனில் சைரன் அலறும்.

அவள் இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. உள்ளே எலும்பெல்லாம் நடுங்கியது.

முந்தாநாளே சொன்னாள், காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று. நேற்றும் சொன்னாள். இன்று காலையிலும். வெந்நீர் குடி, ரெஸ்ட் எடு என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வீட்டுத் தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. வாங்கி வரச் சொன்னாள். கடைக்குப் போனவன் பெட்டிக்குப் புது விசிறியோடு திரும்பி வந்தான். பேட்டரி மறந்துபோச்சாம்.

முன்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவனுக்கு மறதி.

விடுமுறை நாள் காலையென்றால் நேரலை. வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிப் பார்த்துக்கொள்வது, அதோடு உட்கார்ந்திருக்கும் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது. நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். மெஷினோ மனுஷனோ, சூடு ஏறினால் அலட்சியம் பண்ணாதீர்கள். கேட்கிறவர்கள் அவனைக் 'கூலிங் அண்ணா' என்று கூப்பிடுகிறார்கள்.

யாரோ ஒருத்தன் கழுத்து வலிக்கிறது என்றதற்குப் போன வாரம் எவ்வளவு கேள்வி கேட்டான். எப்போதிலிருந்து வலி, தலையணை எவ்வளவு உயரம், வீட்டில் யாரிடமாவது சொன்னாயா தம்பி. அந்தக் குரலை அவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். கனிவே இல்லாதவன் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இவனிடம் வேண்டிய மட்டும் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவன் பெட்டி முன்னால் மண்டியிட்டான். முதுகு அவள் பக்கம். புறங்கையை அதன் தலைமேல் வைத்துப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில். பிறகு குனிந்து கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்தான்.

திரும்பு, என்று அவள் நினைத்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அந்தக் கையை அப்படியே இந்தப் பக்கம் நீட்டினால் என் நெற்றி. நானாகச் சொல்லப் போவதில்லை. சொன்னதெல்லாம் போதும்.

விசிறிகள் பேயாய் இரைந்தன. பெட்டியின் முகப்பில் இருந்த குட்டித் திரையில் 39.2 என்று மின்னியது.

அவன் இன்னொரு தரம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். நேரலையில் ஆட்கள் காத்திருந்தார்கள். போனை எடுத்து எதையோ தட்டினான். சைரன் நின்றது.

"ஒண்ணுமில்ல, சென்சார்தான் பொய் சொல்லுது. லிமிட்டை நாப்பதா ஏத்திட்டேன், இனிமே கத்தாது. நீ தூங்கு."

கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

அவள் அசையாமல் கிடந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. உள்ளங்காலிலிருந்து கோபம்தான் ஏறி வந்தது.

போர்வையை விலக்கினாள். அவ்வளவு நேரம் இறுக்கியிருந்த கையைத் தூக்கி, அக்குளிலிருந்து அந்த வயரை உருவினாள்.

காய்ச்சல் எவ்வளவென்று பார்க்கத்தான் அதைப் பெட்டியின் பின்புறமிருந்து உருவி, கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் வேலை செய்கிற ஒரே தெர்மாமீட்டர் அதுதான். சைரன் அவள் நினைவிலேயே இல்லை. அவன் ஓடி வந்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் ஆசை வந்தது.

திரையில் எண் இறங்கியது. விசிறிகள் அடங்கின.

"பாத்தியா, சரியாயிடுச்சு," என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தான்.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றினாள். கைப்பையை எடுத்தாள். டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. ஆட்டோ கிடைக்காவிட்டால் நடக்க வேண்டும், நடப்பாள்.

கட்டிலோரம் அவன் யோசனைப்படி அவளே காய்ச்சி வைத்துக்கொண்ட வெந்நீர் ஃபிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

வயரின் நுனியை அதற்குள் விட்டாள்.

முன்னறையில் அவனுக்குப் பின்னாலேயே நடந்து போனாள். போதுமான தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

வெளிக்கதவைச் சாத்தும்போது சைரன் அலறியது. நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. ஒற்றைச் செருப்பு தரையில் அடித்துக்கொண்டு ஓடியது.

படுக்கையறைக்குத்தான் ஓடுகிறான். யாரைப் பார்க்க என்று அவளுக்குத் தெரியும்.

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள்.