வாட்ச் சொன்ன கணக்கு

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. தையல்காரி சமையல் மேடையில் இரண்டு ஸ்மார்ட் வாட்ச்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கறுப்புப் பட்டை போட்டது அவளுடையது; புருஷன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை அவள் தலையில் கட்டியது. ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எழுநூறு கலோரி எரிக்கிறாய் என்று அது சொன்னதை வேதவாக்காக நம்பி, அதில் நானூறு குறைத்து, மூன்று மாதமாக அளந்து அளந்து தின்றாள். ஐந்து கிலோ ஏறியதுதான் மிச்சம். "வாட்ச் பொய் சொல்லாது. உனக்குத்தான் வாயைக் கட்டத் தெரியல" என்று அவர் தன் அக்கா எதிரிலேயே சொல்லிச் சிரித்தார். இன்று காலைதான் அந்தப் பழைய வாட்ச்சின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள்: ஆண், நூற்றெண்பது சென்டிமீட்டர், தொண்ணூற்று நாலு கிலோ. இத்தனை நாளும் அவர் உடம்புக்குத்தான் அவள் தின்றிருக்கிறாள். ஜன்னல் வெயிலில் அவருடைய புது வாட்ச் மினுங்குகிறது. ஊசியில் நூல் கோக்கும் நிதானத்தோடு அதில் மாற்றுகிறாள்: பெண், நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர், எழுபத்தொரு கிலோ. தண்ணீர் நிற்கிறது. தலையைத் துவட்டிக்கொண்டே வருகிறவர் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, "செம பசி. ரெண்டு முட்டை சேர்த்தே போடு" என்கிறார். "முதல்ல கணக்கைப் பாருங்க." அவர் பார்க்கிறார், வாட்ச் கண்ணாடியை விரலால் தட்டியும் பார்க்கிறார். "என்ன இது, இன்னிக்கு ஆயிரத்து எழுநூறுதான் காட்டுது?" அவள் முட்டைகளை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். "வாட்ச் பொய் சொல்லாதுங்க. வாயைக் கட்டுங்க."