கானாவோ, டோகோவோ

லூயிஷாமில் ஒரு கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகளை இறக்கிப்போட்டுவிட்டு, சிவலோகனும் பரநிருபரும் தேத்தண்ணியோடு குந்தினார்கள். வெளிநாட்டுக்குக் களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாதியில் கைவிட்டதால், ஆபிரிக்காவில் இரண்டு வருசம் அலைக்கழிந்து லண்டன் சேர்ந்தவன் சிவலோகன்.

"கானா, டோகோ ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுதானே. இருக்கிறதுக்கு எது நல்லம்?" என்று பரநிருபர் கேட்டார்.

"கானாதான் அண்ணை. இங்கிலிசில கதைச்சுத் தப்பலாம். டோகோவில பிரெஞ்சு. காய்ச்சலில கிடந்தன், என்னெண்டு கேக்க ஆளில்லை."

"சாப்பாடு?"

"ரெண்டிலயும் மரவள்ளிதான். ஏன், பென்சன் எடுத்துக்கொண்டு அங்க குடிபோகப் போறியளோ?"

பரநிருபர் சிரிக்கவில்லை.

"என்ர மகனையும் ஏஜென்சிக்காரன்தான் கூட்டிக்கொண்டு போனவன். கடைசியாப் போன் எடுத்தவன், 'கானா, டோகோ எல்லையில நிக்கிறம், எந்தப் பக்கமெண்டு தெரியேல்லை அப்பா' எண்டான். பதினாலு வருசமாச்சு."

சிவலோகன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"டோகோவும் பிழையில்லை அண்ணை. நல்ல சனம்."

"வேண்டாமடா தம்பி. அவன் எந்த நாட்டில இருப்பானெண்டு வீட்டில என்ர மனுசி கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். கானா எண்டே சொல்லிவிடுறன்."

அடுத்த லொறி வந்து நின்றது. பரநிருபர் முதலில் எழுந்தார்.