ஒருமையில் ஓர் அழைப்பு

‘கம்’ என்பதா, ‘கம்ஸ்’ என்பதா?

மின் கிசோப் பெரிய வாயிற்கதவின் அருகே நின்று, வாய்க்குள்ளேயே மறுபடியும் சொல்லிப் பார்த்தார். இருட்டுவதற்குள் நாக்கு படிந்தாக வேண்டும்.

அமெரிக்க மருமகள் நோரா இன்று மாலை இந்த வீட்டுக்குள் வர வேண்டும். வந்து சாப்பிட வேண்டும். அவளுக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அழைப்பது விளங்காவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள்.

முன்பும் ஒரு முறை அப்படித்தான் போனாள்.

கல்யாணமான புதிது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீளமாக எதையோ கேட்டாள். அதில் அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். ‘யூ.’ சற்று முன்புதான் முற்றத்து நாயையும் அவள் அப்படிக் கூப்பிட்டிருந்தாள்.

ஊரில் இந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது இன்றும் தொப்பியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிசோப் கிண்ணத்தை நகர்த்திவிட்டு எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் மகன் உஜின் மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினான்.

இப்போது பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார்.

படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. இங்கே வினைச்சொல் பெரியவர் முன்னால் குனியும். அந்த மொழியில் பெரியவர், சிறியவர் என்ற கேள்வியே கிடையாது. ஒருவரா பலரா, பேசுகிறவரா கேட்கிறவரா அப்பால் இருக்கிறவரா, அவ்வளவுதான் விசாரணை. தகப்பன் வந்தாலும் வினையின் வாலில் ஒரு ‘ஸ்’. தெருநாய் வந்தாலும் அதே ‘ஸ்’. ஒருவரானாலும் ஊரானாலும் ‘யூ’. ‘நான்’ என்னும் ‘ஐ’ மட்டும் வாக்கியத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் பெரிய எழுத்தில் தலை நிமிர்ந்து நிற்கிறது.

எழுத்தைச் சிறிதாக்க வழியில்லை. குரலையாவது தாழ்த்தலாம் என்று அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பழகினார்.

ஆனால் இந்த ‘கம்’தான் பிடிபடவில்லை. அவள் எதிரில் நிற்கிறாள் என்றால் ஒன்று. இங்கே இல்லை என்றால் வேறொன்று. எதை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

தம்பி கிதேக் மீன் தட்டோடு கடந்து போனார்.

“அண்ணே, இங்கிலீஷ்ல உங்களுக்கும் நம்ம நாய்க்கும் ஒரே வால்தானாமே?”

“வாயை மூடிக்கிட்டு அந்த மீனைத் தலை கிழக்கே பாக்க வை.”

கிதேக் சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

உஜின் படியிறங்கி வந்தான். “அப்பா, நான் கூப்பிடுறேனே. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?”

“நீ கூப்பிட்டா உன்கிட்ட வருவா. இந்த வீட்டுக்குள்ள வரணும்னா வீட்டுக்காரன்தான் கூப்பிடணும்.”

உஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முற்றத்தின் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டினான். வருகிறவளுக்கு வழியில் எதுவும் தடுக்கக் கூடாது.

பொழுது சாய்ந்தது. வாயிற்கதவின் இரண்டு பக்கமும் திறந்து வைத்தார்கள்.

கிசோப் தொப்பியைச் சரிசெய்தார். முதுகை நிமிர்த்தினார்.

“நோரா. ஐ ஆம் யுவர் ஃபாதர். திஸ் இஸ் யுவர் ஹவுஸ்.”

அதுவரை சரியாக வந்தது. அடுத்தது ‘கம்’மா, ‘கம்ஸ்’ஸா? வெளியே சாலை வெறுமையாகக் கிடந்தது. பனிக்காலத்துக் காற்றிலும் அவருக்குப் பிடரி வியர்த்தது.

“யூ கம்,” என்றார்.

எதுவும் அசையவில்லை.

“யூ கம்ஸ். ஷீ கம்ஸ். நோரா, கம். ப்ளீஸ்.”

குரல் உடைந்துவிட்டது. தம்பியும் மகனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் வளையாத அந்த முதுகு வாசலை நோக்கி வளைந்தது. இலக்கணத்தில் உள்ள எல்லா வடிவங்களையும் சொல்லியாகிவிட்டது. ஏதாவது ஒன்று அவள் காதில் விழாமலா போகும்?

அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு ஆள் கடந்து போகும் நேரம் பொறுத்து, பின்னாலேயே கூடத்துக்கு வந்தார்.

மது ஊற்றினார்கள். கிசோப் வெள்ளைச் சோற்றின் நடுவே கரண்டியைச் செங்குத்தாக நட்டார். பிறகு எல்லோரும் பின்வாங்கி வெளியே வந்தார்கள். சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது. சாப்பிட்டு முடியும் வரை காத்திருந்து, வீட்டுக்குப் பெரியவர் ‘உள்ளே வருகிறோம்’ என்பதற்கு அடையாளமாக மூன்று முறை இருமிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

கிதேக் கதவைச் சாத்தினார். ஊதுபத்திப் புகைக்கு அப்பால், சட்டமிட்ட படத்துக்குள் நோரா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இறந்து இன்றோடு ஓராண்டு; இது முதல் திதி.

கதவு மூடிய பிறகுதான் கிசோப்புக்குச் சுரீரென்றது.

தட்டுகளின் மேல் சாப்பிடுகிற குச்சிகளை வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் காலங்காலமாக வைக்கிற வழுவழுப்பான வெள்ளிக் குச்சிகள். நோராவுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாது. முள்கரண்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இனி உள்ளே போக முடியாது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கிதேக் மெல்ல அண்ணனின் சட்டையைத் தொட்டார். “அண்ணே, போதும். இருமுங்க.”

கிசோப்புக்கு அந்நேரம் பார்த்துத் தொண்டை கமறியது.

இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.